தும்பைச் செடியும் கேளாத மிஸ்கீனும்

சென்ற மாதம் சந்தாப் பணம் வாங்குவதற்காக வீட்டிற்கு வந்த சங்கத்துத் தம்பி ஒருவர், வாசற்படியோரம் வைத்திருந்த நான்கு மண்தொட்டிகளைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன நாநா இது! தண்ணீர்மலையில் குடியிருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிய பூந்தோட்டத்தை வைத்துக்கொண்டு, தும்பையைப் போய் தொட்டியில் வளர்க்கிறீர்களே! ஊரில் மாடு மிதித்துக்கொண்டு போகிற செடியல்லவா? தானாக முளைக்கிறதற்குத் தோட்டக்காரன் எதற்கு?" என்றார்.

தம்பி விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் சிரித்து மழுப்பிவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒன்றுக்கு நாம் ஏதாவது கடமைப்பட்டிருக்கிறோமா? குறைவாகக் கேட்கிறவனுக்குக் குறைவாகத்தான் சேர வேண்டுமா? செடியைப் பற்றிக் கேட்டால் இது சிறிய கேள்வி. மனிதரைப் பற்றிக் கேட்டால் அப்படியல்ல. அதனால்தான் சகோதரர்கள் முன் இதை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தும்பை ஒரு சாண் உயரம் இருக்கும். மிஞ்சினால் ஒரு முழத்துக்குச் சற்று மேல். நாற்கோணத் தண்டு; புதினாவும் துளசியும் சேர்ந்த குடும்பம். தண்டின் கணுக்களில் உருண்டையாகக் கட்டிய பச்சை மொட்டுக் கொத்துகளிலிருந்து சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள், கீழுதடு பிதுங்கினாற்போல் வெளியே வரும். இந்தியாவிலிருந்து இந்தக் கிழக்கு நாடுகள் வரைக்கும் தரிசு நிலத்தில், சாலையோரத்தில், அறுவடையான வயலில் முளைக்கிற செடி. இதன் இனத்தை மலாய்க்காரர்கள் கெத்தும்பாக் என்கிறார்கள். இராமநாதபுரத்துப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை விழுந்ததும் கண்மாய்க் கரையெல்லாம் வெள்ளை போர்த்தியதுபோல் நிற்கும். கோடை வருமுன் பூத்து, விதைத்து, காய்ந்து போகும். யாரும் தண்ணீர் விடுவதில்லை, யாரும் கவலைப்படுவதுமில்லை.

நம் மொழியில் இதற்கு நல்ல மரியாதை உண்டு. பொருதும் அரசர்கள் தம் வலிமையைக் காட்டுவதற்காகவே செய்யும் போருக்குத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்று இதன் பெயரையே வைத்தது. துணி வெளுப்பைச் சொல்ல வேண்டுமானால் தும்பைப் பூவாட்டம் என்கிறோம். ஜும்ஆவுக்கு உடுத்துகிற வேட்டியும் அப்படி. கடைசியில் நமக்கு உடுத்திவிடுகிற துணியும் அப்படியே. ("தும்பை விட்டு வாலைப் பிடித்தான்" என்பது மட்டும் இந்தச் செடியைப் பற்றியதல்ல. அது கன்றுக்குட்டியைக் கட்டும் தும்பு. மேடையில் ஒரு பேச்சாளர் இரண்டையும் குழப்பி, பூவைப் பிடிக்கத் தெரியாதவன் என்று விளக்கம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்!) இப்படி வெளுப்புக்கும் வீரத்துக்கும் அடையாளமாக வைத்த பூவை, வாசலில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

இங்குள்ள தாவரத் தோட்டத்தை 1884-ல் பழைய கருங்கல் வெட்டிய இடத்தில் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற துரை உண்டாக்கினார். தென் அமெரிக்காவில் பிறந்த நாகலிங்க மரம் அங்கே பெருமையோடு நிற்கிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கத் தக்கதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தூரத்திலிருந்து வந்ததும், அதிகம் கேட்பதும், அபூர்வமானதுமே அருமையானது என்று நம் கண் பழகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இனி நான் வளர்த்த கதை. ஒரு வெற்று மனையில் காய்ந்து நின்ற செடியிலிருந்து விதை உதிர்த்துக் கொண்டுவந்தேன். முதல் தடவை, பிரியத்தின் மிகுதியால், கடையில் வாங்கிய நல்ல உரமண்ணை நிறைத்து, ரோஜாவுக்கு விடுவதுபோல் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். நாற்று அழகாக வந்தது. இரண்டு வாரத்தில் அடித்தண்டு கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. நான் கோபித்துக்கொண்டு, இது வறட்சியைத் தாங்கும் செடிதானே, கவனிக்காமல் விட்டால் பிழைக்கும் என்று முடிவு கட்டினேன். இரண்டாம் தடவை விதைத்து, நாற்று இரண்டு விரல் உயரம் வந்த நேரத்தில், ஒரு கலியாணத்துக்காக நான்கு நாள் கெடா போய்விட்டேன். அது தை மாதம், பினாங்கில் மழை ஓய்ந்திருக்கும் காலம். திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் சருகு.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. வறட்சியைத் தாங்குவது அந்தச் செடியின் வேர். வேர் இறங்குவதற்கு முன் அதுவும் மற்ற நாற்றைப் போல ஒரு பச்சைக் குழந்தைதான். நாம் தாங்கும் செடி என்று பேர் வைத்துவிட்டதால் அதற்குத் தாகம் இல்லாமல் போய்விடவில்லை.

மூன்றாம் தடவை பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்தேன். தொட்டியின் ஓட்டையை ஓட்டுத் துண்டால் மூடி, நீர் வடிய வைத்தேன். முதல் மூன்று வாரம் தினமும் காலையில் தெளித்தேன். பிறகு வாரம் இரண்டு தடவை. பூ வந்த பின் இலை துவண்டால் மட்டும். இந்த ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இராமநாதபுரத்தில் அதில் பாதிகூடக் கிடையாது. ஆகவே இங்கே இந்தச் செடிக்கு வெயிலைவிட மழைதான் பயம். புரட்டாசி ஐப்பசி மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்க வேண்டியிருந்தது. "தானாக முளைக்கிற செடி"க்கு இவ்வளவும் செய்தேன் என்று அந்தத் தம்பியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் அன்றைக்கு மழுப்பினேன்.

இப்போது மனிதருக்கு வருவோம். குர்ஆன் ஷரீபில் அல்பகரா சூராவின் 273-ஆம் ஆயத்து ஒருவகை ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் மானத்தோடு ஒதுங்கியிருப்பதால், அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிக்கொள்வான். முகக்குறியால்தான் அவர்களை அறிய முடியும். வருந்தி வருந்திக் கேட்கமாட்டார்கள் என்பது அதன் கருத்து. ஹதீஸிலும் இதே பொருள் வருகிறது. ஒரு கவளத்துக்கும் இரண்டு கவளத்துக்கும் வாசல் வாசலாகச் சுற்றுகிறவனல்ல மிஸ்கீன். போதிய வசதியில்லாமலும், பிறர் கண்டுகொள்ளாமலும், எழுந்து போய்க் கேளாமலும் இருக்கிறவனே மிஸ்கீன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆயத்து கண்டுபிடிக்கிற வேலையை யார் தலையில் வைக்கிறது என்பதே. முகக்குறியால் அறிய வேண்டுமென்றால், முகத்தைப் பார்க்கிற அளவுக்கு அருகில் போயிருக்க வேண்டுமல்லவா?

என் குற்றம் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ரமலான் உதவி வழங்கும் ஒரு குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். ஜகாத்து வசூலும் பங்கீடும் மாநில நிர்வாகத்தைச் சேர்ந்தவை. எங்கள் கையில் இருந்தது நல்லோர் கொடுத்த ஸதக்காப் பணம்தான். அதற்கு ஒரு மனு எழுதி, அடையாள அட்டை நகலும், இன்னும் இரண்டொரு காகிதமும் வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கு அரிசி, எண்ணெய், கொஞ்சம் வெள்ளி. கொடுக்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாசி கண்டார் கடைகளில் அடுப்படியில் நின்று, கை கால் தளர்ந்து, அடுக்குமாடியில் ஓர் அறையில் தனியே இருந்த பெரியவர் ஒருவரை எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். சேமித்ததெல்லாம் ஊரில் தங்கைமார் கலியாணத்துக்குப் போய்விட்டது. பஜ்ருக்கு முதல் ஸஃப்பில் நிற்பார். அவர் பேச்சு வந்தால், "என்ன பொறுமை, என்ன ஸப்ரு! இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா!" என்று மனமாரப் புகழ்வோம். இரண்டு ஆண்டு இப்படிப் புகழ்ந்தோம். அவர் மனுக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேறு ஒரு காரியமாக ஒருநாள் அவருடைய அறைக்குப் போனேன். பகல் சாப்பாட்டு நேரம். அடுப்பு அணைந்து கிடந்தது. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர் ஒரு வேளைதான் சமைக்கிறார், ஏறக்குறைய ஓராண்டாக. நான் திடுக்கிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், பழகிப் போச்சு தம்பி" என்றார்.

பழகிப் போச்சு என்று அவர் சொல்லலாம். அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. ஆனால் அவர் சொல்லாமலே, அவர் சார்பில், நாங்கள் இரண்டு ஆண்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தோமே! நாங்கள் அவர் பொறுமையைப் புகழ்ந்ததற்கு எங்களுக்கு ஒரு காசு செலவில்லை. யோசித்துப் பார்த்தால், புகழ்ச்சி எங்களுக்கு லாபமாகவே இருந்தது, ஏனென்றால் அவ்வளவு பொறுமைசாலிக்கு உதவி தேவைப்படாது என்று மனம் நிம்மதியடைந்துவிட்டது. ஸப்ரு செய்கிறவருக்கு அல்லாஹ்விடத்தில் கூலி உண்டு. பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கூலியில் பங்கு ஏது? அந்தப் பொறுமையைக் காட்டி அவன் தன் கடனில் கழிவு கேட்க முடியுமா?

இதை நான் குழுவில் சொன்னபோது, கணக்குப் பார்க்கும் சகோதரர் நியாயமான மறுப்பு ஒன்று சொன்னார். அதை மறைப்பது சரியல்ல. "பணம் கொஞ்சம், கேட்கிறவர் அதிகம். கேட்டு நிற்கிறவர் வயிறு பசியில்லையா? காகிதமில்லாமல் கொடுத்தால் நாளை என்னைத்தானே கேள்வி கேட்பார்கள்? வாய் திறவாதவர் மனதில் உள்ளதை நான் எப்படி அறிவேன்?" என்றார். கேட்கிறவரைத் தாழ்வாக எண்ணக்கூடாது என்பது முற்றிலும் சரி. கேட்பவர்க்கும் உங்கள் பொருளில் உரிமை உண்டு, கேட்க வழியற்றவர்க்கும் உண்டு என்று குர்ஆன் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. காகிதமும் வேண்டியதுதான். ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பழைய பதில் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் தம் பணியாளர் அஸ்லம் அவர்களோடு இரவில் மதீனாவுக்கு வெளியே போனபோது, அடுப்பில் வெறும் தண்ணீர்ப் பாத்திரத்தை ஏற்றிவைத்துப் பசித்த குழந்தைகளைத் தூங்கச் செய்துகொண்டிருந்த தாயைக் கண்ட வரலாறு எல்லோரும் அறிந்ததே. மாவு மூட்டையைத் தம் முதுகிலே சுமந்தார்கள் என்பதோடு நாம் அந்தக் கதையை நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன் நடந்த பேச்சுதான் நமக்கு முக்கியம். வந்தவர் கலீபா என்று அறியாமல் அந்தப் பெண் உமரைக் குறை சொன்னபோது, உங்கள் நிலை உமருக்கு எப்படித் தெரியும் என்று அவர்களே கேட்டார்கள். எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எங்களைப் பற்றி அறியாதிருக்கலாமா என்ற பொருளில் அவள் பதில் சொன்னாள். கலீபா அதற்கு எதிர்வாதம் செய்யவில்லை, மாவு மூட்டையை எடுக்க ஓடினார்கள். எங்கள் கணக்குப் பிள்ளை சகோதரரிடம் இதைச் சொன்னபோது, "உமருக்குத் தணிக்கைக்காரர் கிடையாதே" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் மறுமையை மறந்து பேசவில்லை, சங்கடத்தில் பேசினார் என்றே எடுத்துக்கொண்டேன்.

என் முதல் தொட்டி அழுகிப் போனதையும் மறக்கக்கூடாது. கண்டுபிடித்த பின் என்ன செய்கிறோம் என்பதும் ஒரு பரீட்சைதான். அந்தப் பெரியவரைப் பற்றித் தெரிந்ததும் ஓர் அன்பர், மேடையில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, பெரிய தொகையாகக் கொடுத்துப் படம் எடுத்துப் போடலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் கை நீட்டாத மனிதரை விளக்கு வெளிச்சத்தில் கை நீட்ட வைப்பது, மணற்செடிக்கு உரமண்ணைக் கொட்டுகிற காரியம். சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் ஸதக்காவைப் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதே அல்பகராவில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். செடியை உவமையாக வைத்து எழுதுகிறவன் உவமையிலேயே வழுக்கி விழுவான். "அதிகம் கொடுத்தால் அழுகும்" என்பதைப் பிடித்துக்கொண்டு, ஏழைக்குக் குறைத்துக் கொடுப்பதே நல்லது என்று யாராவது சொன்னால், அது என் வாதமல்ல. தும்பைக்கு அல்லாஹ் ஓர் அளவு வைத்தான். அதற்கு மேல் தண்ணீர் அதற்கு விஷம். மனிதனுக்கு இரண்டு வேளைச் சோறு ஒருநாளும் விஷமாவதில்லை. செடி தாகத்தைத் தாங்குவது அதன் இயல்பு, அமல் அல்ல. மனிதன் பசியைத் தாங்குவது, ஒவ்வொரு நாளும் அவன் மனதறிந்து செய்கிற செயல். பழகிப் போன பசியும் பசிதான். செடியிடம் நான் கற்றது அளவைக் குறைக்க அல்ல. கொடுப்பதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பார்க்க.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மலையின் அருவித் தண்ணீர்தான் ஆதியில் ஜார்ஜ் டவுனுக்கு வந்த குடிதண்ணீர். இன்று இந்தத் தீவும் எதிர்க்கரையும் குடிப்பதில் பெரும்பகுதி மூடா ஆற்று நீர். 1962-ல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999-ல் தெலுக் பஹாங் அணையும் கட்டி முடிந்தன. இருந்தும் மழை பொய்த்த ஆண்டுகளில் அணை வற்றுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள். அதாவது இரு கையும் சேர்த்து அள்ளுகிற அளவு. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண் செய்யாதே என்று ஸஃது (ரலி) அவர்களுக்குச் சொன்னதாகவும் ரிவாயத்து உண்டு. எங்கள் வீட்டில் உளூச் செய்த தண்ணீரைத் தட்டில் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுகிறேன். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அது சுத்தமான நீர், ஆனால் மறுபடி உளூவுக்கு உதவாது. தும்பைக்கு அது போதும், மீதத்தில் நிறைவாக வாழ்கிறது. மனிதருக்கு மீதத்தைக் கொடுத்துவிட்டு அப்படி நிறைவடையக்கூடாது. நீங்கள் விரும்புவதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்ற கருத்து ஆல இம்ரானில் இருப்பது, கிழிந்த சட்டைகளை மூட்டை கட்டிப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டுப் போகிற நம்மில் சிலருக்காகத்தானோ என்று தோன்றும்.

களை என்று தம்பி சொன்னதற்கும் பதில் வைத்திருக்கிறேன். அர்ரஹ்மான் சூராவின் ஆறாம் ஆயத்தில் "நஜ்மு"ம் மரமும் ஸஜ்தாச் செய்கின்றன என்று வருகிறது. நஜ்மு என்றால் நட்சத்திரம் என்று முஜாஹித் போன்றோர் பொருள் சொன்னார்கள். அடிமரம் இல்லாமல் தரையில் படர்கிற பூண்டு என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னார்கள். தபரீ அவர்களும் அதையே ஏற்றார்கள். இரண்டும் பெரியோர் கருத்து, தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல. ஆயினும் இரண்டாவது பொருளில் ஓதும்போது, தாவரத் தோட்டத்து நாகலிங்க மரமும் என் தொட்டிப் பூண்டும் ஒரே ஸஃப்பில் நிற்கக் காண்கிறேன். பஜ்ரு ஸஃப்பில் அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதுதானே!

பெரியவர் விஷயம் பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மேடையும் இல்லை, படமும் இல்லை. மாதம் ஒருமுறை அவரோடு வேலை பார்த்த ஒருவர் போகிறார். மளிகை வாங்கிக்கொண்டு, அங்கேயே இருவரும் சமைத்துச் சாப்பிட்டு வருகிறார்கள். சமையல் சரியில்லை என்று பெரியவர் அவரைத் திட்டுகிறாராம். மனுத்தாள் இன்னும் இருக்கிறது. மனுக் கொடுக்காதவர்களுக்கென்று உதவித் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டாரத்துக்கு இருவர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். கணக்குச் சகோதரர் அதில் இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று திருத்தம் சேர்த்திருக்கிறார். அது நல்ல திருத்தம். அடுத்த பொதுக்கூட்டத்தில் வருகிறது. சகோதரர்கள் அவசியம் வர வேண்டும்.

என் தொட்டிகளில் தும்பை இப்போது விதை கட்டிவிட்டது. மொட்டுக் கொத்து பழுப்பாகி உலர்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சிறு விதைகள் உதிரும். தை பிறந்ததும் விதைக்கலாம். முதல் மூன்று வாரம் தண்ணீர் மறவாதீர்கள். சந்தா வாங்க வந்த தம்பிக்கு ஒரு பொட்டலம் மடித்து வைத்திருக்கிறேன், அவர் கேட்கவில்லை.